வலது மூலையில் ஒரு பென்சில் புள்ளி

மஸ்கட்டில் என் மகள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது. கண்ணாடியை ஒரேயடியாக ஒட்டி வைத்துவிட்டார்கள். ஏ.சி. மட்டும் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். மகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். துணைக்கு என்று போனவள் ஒன்பது வருசமாக அங்கேயே இருக்கிறேன். அந்த ஊரைப் பற்றி என்னிடம் கேட்டால் எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம்தான்.

ஆனியில் ஒரு நாள் கடலூரிலிருந்து பீட்டர் தம்பி போன் செய்தார். நான் வேலை பார்த்த அருளப்பன் ஐயாவின் தம்பி மகன். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர்.

"பாக்கியம்மா, சிதம்பரம் ஹாஸ்டலை இடிக்கப் போறாங்க. போர்ச்சுகல்லேர்ந்து அந்தோனியோ சார் மக வராங்களாம், இடிக்கிறதுக்கு முன்ன பாக்கணும்னு. பெரியப்பா பெட்டியில இருக்கிற படம் எது யாருதுன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்கதான் வரணும்."

மகள், "எதுக்கும்மா இந்த வயசுல? வீடியோ கால்ல சொல்லிடு" என்றாள். வீடியோ காலில் சொல்லக்கூடியதாக இருந்தால் முப்பது வருசத்துக்கு மேல் நான் ஏன் சொல்லாமல் இருந்தேன்? அதை அவளிடம் சொல்லவில்லை. போயிட்டு வந்துடறேன் என்று மட்டும் சொன்னேன்.

அருளப்பன் ஐயா வீடு கட்டப் படம் போடுகிற ஆர்க்கிடெக்ட். திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டு மாடிதான் ஆபீஸ். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கூட்டிப் பெருக்கத்தான் போனேன். கொஞ்ச நாளில் பிரிண்ட் எடுக்கக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் மருந்து பூசிய தாளின் மேல், ஊடே தெரிகிற டிரேசிங் தாளில் போட்ட படத்தை வைத்து, மேலே கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, மொட்டைமாடி வெயிலில் காட்ட வேண்டும். அப்புறம் அம்மோனியா பெட்டிக்குள் தொங்கவிட்டால் கோடெல்லாம் நீலமாக எழும்பும். கண் எரியும், மூக்கு எரியும். ஆனால் வெள்ளைத் தாளில் ஒரு வீடு தானாக முளைப்பதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

ஐயாவுக்கு வெளிநாட்டில் ஆறு சிநேகிதர்கள். போர்ச்சுகல், பிரேசில், மெக்சிகோ, ஜப்பான், நைஜீரியா, பின்லாந்து. எல்லாரும் ஆர்க்கிடெக்ட். ஏழு பேரில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. துணி ஒட்டிய ஒரு பழுப்புக் கவர் ஏழு நாட்டையும் சுற்றி வரும். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. கவர் வந்தால் உள்ளே இருக்கிற தன் பழைய படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், புதுப்படம் ஒன்று வைக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் அடுத்த ஆளுக்கு அனுப்ப வேண்டும். எடுத்தால் வைக்க வேண்டும். இன்னொன்று, படத்தில் ஓர் எழுத்துக்கூட இருக்கக் கூடாது. ஆளுக்கொரு பாஷை என்பதால் கோடுதான் பேச வேண்டும். வடக்கைக் காட்ட மேலே பார்த்த மாதிரி ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். பேச வேண்டியது இருந்தால் தனிக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதுவார்கள்.

அப்படித்தான் ஜப்பானில் மழைத்தண்ணி இறங்க விடுகிற சங்கிலி வண்டிப்பாளையத்தில் ஒரு வீட்டுக் கூரையில் தொங்கியது. இங்கிருந்து கடுக்காய், வெல்லம் போட்டு அரைக்கிற சுண்ணாம்பு பிரேசிலுக்குப் போனது. நம்ம வீட்டு விளக்கு மாடத்தைப் பார்த்து மெக்சிகோக்காரர் தன் வீட்டில் ஒன்று வைத்து போட்டோ அனுப்பினார். மாடத்துக்குள் பூனை படுத்திருந்தது. ஐயா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு!

கவர் வந்தால் எல்லாப் படத்துக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வைப்பது என் வேலை. எழுத்து இருக்கிற படமானால் எது நேர்ப்பக்கம் எது மறுபக்கம் என்று எனக்கே தெரிந்துவிடும். எழுத்தில்லாத படத்துக்கு என்ன செய்வது? டிரேசிங் தாள் இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கவரிலிருந்து எடுத்ததும் வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். பிரிண்ட்டில் அந்தப் புள்ளி வலது பக்கம் விழுந்தால் சரி. இதை ஐயாவிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

முதல் நாள் கடலூரில் இறங்கினேன். ஐயா வீட்டின் கீழ்ப்பாகம் இப்போது செல்போன் கடை. மாடியில் பீட்டர் தம்பியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் இருக்கிறார்கள். ஸ்டெல்லா சுறாப்புட்டு செய்து வைத்திருந்தாள். மஸ்கட்டில் எல்லா மீனும் கிடைக்கும், ஆனால் உறைந்த மீனுக்கு ஒரே ருசி. இது துறைமுகத்தில் காலையில் வாங்கியது. ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

"இன்னாம்மா, பறவை கொத்துற மாதிரி சாப்புடறீங்க? அங்க ஒட்டகப்பால் குடிச்சு நாக்கு செத்துப்போச்சா?" என்றாள்.

"பால் பாக்கெட்டுலதாம்மா வருது. ஒட்டகத்தை நான் ரோட்லதான் பாத்திருக்கேன்" என்றேன்.

அந்த நேரத்தில் பீட்டர் தம்பி பெட்டியை இழுத்து வந்து திறந்தார். பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் இன்னும் அம்மோனியா இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, இது நைஜீரியா, இது பின்லாந்து என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவரவர் கோடு அவரவர் கையெழுத்து மாதிரி. பின்லாந்துக்காரர் கோடு பயந்து பயந்து போகும். அந்தோனியோ சார் கோடு அழுத்திக் கிளம்பி முடிவில் சின்னதாக வளையும்.

அடியில் அந்தப் பிரிண்ட் இருந்தது. புள்ளி இடது மூலையில்.

"இது எது பாக்கியம்மா?"

"இதுதான் ஹாஸ்டல்."

"அந்தோனியோ சார் போட்டதா? இதான் பெரியப்பாவை முடிச்சுது." பிறகு குரலை இறக்கி, "அந்தோனியோ சாரும் வைகாசில தவறிட்டாரு. தொண்ணூறு வயசு. அவரு பேப்பரெல்லாம் ஒழிக்கும்போதுதான் அந்தம்மாவுக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்துதாம்" என்றார்.

நான் தாளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தோனியோ சார் மகளிடம் சொன்னால் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். ஒரு மாசம் முன்னால் வந்திருந்தால்? ஒரு மாசம் என்ன, முப்பது வருசம் முன்னால் வாயைத் திறந்திருந்தால்?

என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரத்தில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்ட ஒரு டிரஸ்ட் ஐயாவைக் கூப்பிட்டது. ஊருக்கு வெளியே, கிள்ளை போகிற ரோட்டில், வெறும் பொட்டல். ஐயா இடத்தின் அளவை அனுப்பி, காற்று வருகிற மாதிரி ஒரு யோசனை சொல் என்று அந்தோனியோ சாரைக் கேட்டார். அவர்கள் ஊரில் கடல் மேற்கே. சூரியன் கடலில் மறையும். நம்மூரில் சூரியன் கடலில் முளைக்கும். அதையெல்லாம் யோசித்து அவர் படம் போட்டிருந்தார். கிழக்கே கடற்காற்று நுழைய முழுச் சுவரும் ஓட்டை ஓட்டையாக. மேற்கே சாயங்கால வெயிலைத் தடுக்க ஒன்றரை அடிக் கனத்தில் மூடிய சுவர். கூடவே ஒரு காகிதம்: உன் கடலுக்காக எல்லாவற்றையும் யோசித்துப் போட்டிருக்கிறேன், ஒரு கோட்டையும் மாற்றாதே.

ஐயா அந்தப் படத்தை ஒரு சாயங்காலம் மேலோட்டமாகத்தான் பார்த்தார். மறுநாள் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக் குவார்ட்டர்ஸ் வேலைக்குப் போய்விட்டார். கவர் நாலு மணித் தபாலில் போக வேண்டும். ஐப்பசி மாசம், காலையிலிருந்து மூட்டம். மூன்று மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. மாடிக்கு ஓடினேன். காற்றில் தாள் பறந்தது, எட்டிப் பிடித்து வைத்துக் கண்ணாடியை மாட்டினேன். புள்ளியைப் பார்க்கவில்லை. காற்றின் மேல் பழி போடலாம். ஆனால் பார்க்க வேண்டியது என் கண்.

தாள் புரண்டு விழுந்திருந்தது. பிரிண்ட்டில் கிழக்கு மேற்காகிவிட்டது. அம்புக்குறி மட்டும் மேலேயே பார்த்தது. டிரேசிங் கவரோடு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வந்த ஐயா பிரிண்ட்டை விரித்து வெகு நேரம் பார்த்தார். "மேற்கே ஓட்டைச் சுவரா? அவன் ஏதோ கணக்கு வெச்சிருக்கான். மாத்தாதேன்னு எழுதியிருக்கான். நம்பிக் கட்டுவோம்" என்றார். அப்படியே கட்டினார்.

முதல் கோடையிலேயே ஊர் அதற்கு அடுப்பு ஹாஸ்டல் என்று பேர் வைத்தது. சாயங்கால வெயில் அத்தனை ஓட்டையிலும் புகுந்து படுக்கை வரை வந்தது. கடற்காற்று கனத்த சுவரில் முட்டி நின்றது. பிள்ளைகள் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். டிரஸ்ட்காரர்கள் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அப்புறம் அது இன்னும் புழுங்கியது. ஐயாவுக்குக் காம்பவுண்டு சுவர் கட்டுகிற வேலைகூட வரவில்லை.

இரண்டாவது கோடையில் ஐயா அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் விரித்தபோதுதான் பார்த்தேன். புள்ளி இடது பக்கம். ஐயா பார்த்தார், அவருக்குப் புள்ளி தெரியாது. ஒரு லெட்டர் எழுதினார். "உன் கைக்கு என் வெயில் தெரியாது. இனி எனக்குக் கவர் அனுப்பாதே" என்று எழுதியிருப்பதாக அவரே எனக்குச் சொன்னார். கவர் மேல் விலாசம் எழுதுவது என் வேலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுத்து எழுத்தாகப் படம் போல வரைவேன். அதையும் வரைந்தேன். ஸ்டாம்பு ஒட்டினேன். தபாலில் போட்டேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே போனேன்.

அந்தோனியோ சாரிடமிருந்து பதில் இல்லை. கவர் அதற்குப் பிறகு வரவில்லை. நாலு வருசத்தில் ஐயா போய்விட்டார்.

இரண்டாம் நாள் பீட்டர் தம்பி காரை எடுத்துக்கொண்டு அந்தம்மாவை அழைக்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். அவரோடு காரில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது. நேராகச் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். பிரிண்ட்டைச் சுருட்டி ஒரு நீளக் குழாய்க்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா அது, பீரங்கியா?" என்றார் கண்டக்டர்.

"படம்ப்பா."

"சாமி படமா? அப்ப மேல வைக்காதீங்க, மடியிலயே வெச்சுக்குங்க."

சிப்காட் கெமிக்கல் ஆலைகள் பக்கம் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்தார்கள். எனக்கு மட்டும் அந்த நெடி பழைய ஆபீஸ் மாதிரி இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்ததாம். புளியமரமெல்லாம் ரோடு போட வெட்டிவிட்டார்கள், நிழலே இல்லை. மஸ்கட்டாக இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூண்டுக்குள்கூட ஏ.சி. இருக்கும். பக்கத்தில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு ஒரு பெண் நின்றாள். தன் குடையில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"சிதம்பரம். அந்த கிள்ளை ரோட்டு ஹாஸ்டலுக்கு."

"அடுப்பு ஹாஸ்டலா? எங்க நாத்தனார் அதுலதான் இருந்துச்சு. ராத்திரியெல்லாம் தரையில தண்ணி ஊத்திப் படுத்துக்குமாம். எவன் கட்டுனானோ, நல்லாவே இருக்க மாட்டான்."

நான் குடைக்கு வெளியே நகர்ந்தேன். "ஏன்க்கா வெயில்ல போறீங்க?" என்று அவள் திரும்ப இழுத்தாள். அடுத்து வந்த பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஏறினோம். நெரிசலில் குழாய் நடுவில் நசுங்கியது.

சிதம்பரம் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. இடத்தைப் பார்ப்பது மறுநாள் என்று ஆகிவிட்டது. கீழ வீதியில் ஒரு ஓட்டலில் அந்தம்மாவைப் பார்த்தேன். பேர் இசபெல். அறுபது வயசிருக்கும், வெட்டிய நரைமுடி, பருத்திச் சட்டை. இட்லிக்குக் கொத்சு வைத்தார்கள். சுட்ட கத்தரிக்காயைக் காட்டி இது என்ன என்று விசாரித்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல பீட்டர் தம்பி தமிழில் சொன்னார்.

"அவுங்க அப்பா அலமாரியில முன்னூறு படத்துக்கு மேல இருக்காம். எல்லாத்துலயும் வலது மூலையில ஒரு புள்ளி இருக்காம் பாக்கியம்மா. இந்தியாவைத் தாண்டி வந்த படத்துல மட்டும்தான் அது இருக்குமாம். அது அருளப்பன் வைக்கிற பொட்டு, என் படத்துக்கு ஆசீர்வாதம்னு அவுங்க அப்பா சொல்லுவாராம். கவர் நின்னப்புறமும், தான் போடுற ஒவ்வொரு படத்துலயும் அவரே ஒரு புள்ளி வெச்சுக்கிட்டாராம்."

வாயில் இருந்த இட்லியை விழுங்கத் தண்ணீர் குடித்தேன். இசபெல் இன்னும் ஏதோ சொன்னார். பீட்டர் தம்பி கொஞ்சம் தயங்கி, "அந்த லெட்டர் வந்ததுக்கப்புறம் அவரு வெயில் ஊருக்கு எதுவும் கட்டலையாம். யாராவது கேட்டா, எனக்கு வெயில் தெரியாதுன்னு சொல்லிடுவாராம்" என்றார்.

குழாய் என் காலடியிலேயே இருந்தது. நான் குனியவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு ஹாஸ்டலுக்குப் போனோம். கூரையை ஏற்கெனவே பிரித்துவிட்டார்கள். ஜே.சி.பி. வண்டி கிழக்கே நின்றது. லாரி அந்தப் பக்கம்தான் வர முடியும் என்பதால் கிழக்குச் சுவரிலிருந்து ஆரம்பிக்கப் போவதாக வாட்ச்மேன் கோவிந்தன் சொன்னார். மதியம் வரைக்கும் பார்த்துக்கலாம், அப்புறம் யாரும் உள்ளே நிற்கக் கூடாது.

உள்ளே வெப்பம் தரையிலிருந்து கிளம்பியது. மேற்குச் சுவரில் அடைத்த ஓட்டைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, மூடிய கண் மாதிரி. இசபெல் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே நடந்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு டிரேசிங் தாளை எடுத்து விரித்தார். அப்பாவின் அசல். தாளையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஏதோ கேட்டார்.

"சூரியன் எந்தப் பக்கம் மறையும்னு கேக்குறாங்க" என்றார் பீட்டர் தம்பி.

ஓட்டைகள் அடைபட்ட சுவரைக் கோவிந்தன் காட்டினார்.

இசபெல் தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். இனி அவராகவே கண்டுபிடித்துவிடுவார். ஐயாவுக்குப் படம் படிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார். அதற்கு நான் விடக்கூடாது. குழாயைத் திறந்தேன். நசுங்கியதில் பிரிண்ட்டின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அவர் தாளுக்குப் பக்கத்தில் தரையில் விரித்தேன். வலது புள்ளியைத் தொட்டேன். இடது புள்ளியைத் தொட்டேன். பிறகு அவர் தாளைப் புரட்டி என் தாளின் மேல் வைத்தேன். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. புள்ளியின் மேல் புள்ளி.

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பீட்டர் தம்பிதான் முதலில் பேசினார். "பாக்கியம்மா... பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே செத்தாரா?"

தலையை ஆட்டினேன். அவர் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இசபெல் அழவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெதுவாக ஒன்று கேட்டார். பீட்டர் தம்பி சொல்லத் தயங்கினார். சொல்லுங்க என்றேன்.

"நீங்க ஏன் எழுதலைன்னு கேக்குறாங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லுங்க."

சொன்னார். அந்தம்மா தரையில் கிடந்த இரண்டு தாளையும் காட்டினார். காட்டியது போதும். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பிரிண்ட்டை மடித்து ஒரு கவரில் போட்டிருந்தால் போதும். பாஷை வேண்டாம். அவர்கள் ஏழு பேரும் அப்படித்தானே பேசினார்கள்? பிரிண்ட் என் கையில் இருந்தது. விலாசமோ இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வெட்கம் என்று இத்தனை நாள் அதற்கு நானே ஒரு நல்ல பேர் வைத்திருந்தேன். அது பயம். வேலை போய்விடும், ஐயா முகம் மாறிவிடும் என்ற பயம்.

"அட்ரஸ் தெரியும்னு சொல்லுங்க. ஸ்டாம்பும் இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னாரா என்று தெரியாது. அதற்குள் கோவிந்தன், "யம்மா, வெளிய வாங்க, ஆரம்பிக்கிறான்" என்று கத்தினார்.

வேப்பமரத்தடியில் நின்றோம். அந்தக் கனத்த கிழக்குச் சுவர் லேசில் அசையவில்லை. "சனியன், கோட்டை மாதிரி கட்டி வெச்சிருக்கானுங்க" என்று டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து எடுத்து முட்டினார். ஒரு மணிக்கு நடுவில் பெரிய பொத்தல் விழுந்தது. மேற்கே அடைத்து வைத்த சிமெண்டும் அதிர்ச்சியில் ஓட்டை ஓட்டையாகக் கொட்டியது. டிரைவர் இறங்கிச் சாப்பாட்டுக்குப் போனார்.

புழுதி அடங்க வெகு நேரம் ஆனது. நாங்கள் திரும்ப உள்ளே போனது பிரிண்ட்டை எடுக்கத்தான். அந்தப் பரபரப்பில் அதை அங்கேயே விட்டுவிட்டேன். குனிந்தபோது தாள் தானாக எழும்பியது. கிள்ளைப் பக்கமிருந்து கடற்காற்று வந்துவிட்டிருந்தது. பொத்தலில் நுழைந்து கூடம் முழுக்க நடந்து மேற்கே ஓட்டை வழியாகப் போனது. கழுத்து வேர்வை உலர்ந்தது. பாதியாவது அந்தோனியோ சார் வரைந்தபடி ஆகியிருந்தது, இடிந்த பிறகு.

கோவிந்தன் தூக்குவாளியோடு வந்து நடுக் கூடத்தில் செங்கல் மேல் உட்கார்ந்தார். சட்டையைத் தளர்த்திவிட்டு, "இந்த இடத்துல இருபது வருசம் வேலை பாத்திருக்கேன். ஒரு நாளும் உள்ள உக்காந்து சோறு தின்னதில்ல. எங்கேர்ந்து வருது இந்தக் காத்து?" என்றார்.

அதை இசபெல்லுக்கு பீட்டர் தம்பி சொன்னார். அவர் கண் அப்போதுதான் கலங்கியது. என் கையிலிருந்த பிரிண்ட்டை வாங்கிச் சுருட்டினார். தன் அப்பாவின் டிரேசிங்கை என் பக்கம் நீட்டினார். நான் வேண்டாம் என்று பின்வாங்கினேன். அவர் கையை மடக்கவில்லை. எடுத்தால் வைக்க வேண்டும். அந்தச் சட்டம் அவருக்கும் தெரிந்திருந்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாள் காற்றில் படபடத்தது. பழைய பழக்கத்தில், புரண்டுவிடாமல், இரண்டு கையாலும் மூலையைப் பிடித்துக்கொண்டேன். புள்ளி வலது பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன்.